எண்ணிக்கொண்டே மூச்சைக் கவனிக்க முடியுமா?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். 3 மாதமாக ஒரு வீடியோவைப் பார்த்து நாடி சுத்தி, அதாவது நாசி மாற்றி மாற்றி மூச்சு விடும் பயிற்சி, செய்து வருகிறீர்கள்: 4 எண்ணி இழுத்து, 16 எண்ணி அடக்கி, 8 எண்ணி விடுவது. எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டால் விழிப்புணர்வு நழுவிவிடுகிறது. எண்ணிக்கையை விட்டுவிட்டு மூச்சைச் சும்மா கவனித்தால் மூச்சே செயற்கையாகி நெஞ்சு இறுகுகிறது. சில நாள் விரல் நுனியிலும் உதட்டோரத்திலும் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. கடைசியில், "பிராணாயாமம் செய்வதா, மூச்சைக் கவனிப்பதா, இரண்டும் ஒன்றாக நடக்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்துகிறதா, கவனித்தால் மூச்சு ஏன் மக்கர் செய்கிறது, இரண்டையும் இணைப்பது எப்படி. நீங்கள் கடைசியாகக் கேட்டதன் முதல் பாதியை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் பழைய நூல்களில் இல்லை. பதஞ்சலியின் யோக சூத்திரம் பிராணாயாமத்தைப் பற்றிச் சொல்வது சில வரிகள்தான். அதில் இரண்டாம் பாதத்தின் (அத்தியாயத்தின்) 50-வது சூத்திரம், மூச்சு இடத்தாலும் காலத்தாலும் எண்ணிக்கையாலும் "பரித்ருஷ்டம்" ஆகும்போது நீண்டும் நுண்ணியதாகவும் மாறும் என்கிறது. பரித்ருஷ்டம் என்றால் நன்கு பார்க்கப்பட்டது. எண்ணிக்கையையும் பார்வையையும் ஒரே வரியில் வைத்திருக்கிறார். மறுபக்கம், மூச்சைக் கவனிக்கும் தியானத்துக்கு மூலமான பௌத்தர்களின் ஆனாபானசதி சூத்திரத்தில் 16 படிகள். முதல் இரண்டில், நீண்ட மூச்சை நீண்டது என்றும் குறுகியதைக் குறுகியது என்றும் "அறிகிறான்" என்று வருகிறது. மூன்றாவது படியிலிருந்து வினைச்சொல் மாறி "பயில்கிறான்" என்றாகிறது. நான்காவது படியில் உடலின் இயக்கத்தை அமைதிப்படுத்தியபடி மூச்சு விடப் பயில்கிறான். ஆக, அங்கேயும் வெறுமனே வேடிக்கை பார்ப்பது மட்டும் இல்லை. இரண்டு மரபும் பார்ப்பதில் தொடங்கி, பிறகு மெல்ல ஒழுங்குபடுத்தலுக்கு வருகின்றன. நீங்கள் பார்த்த வீடியோ முதல் பாதியைத் தவிர்த்துவிட்டு நேராக எண்ணிக்கைக்குப் போய்விட்டது. பார்வை இல்லாத பிராணாயாமத்துக்கு நம்மிடம் நல்ல பெயர் ஒன்று இருக்கிறது: தம் கட்டுதல்.

இப்போது அந்த 4-16-8. இது யாரோ நேற்று எழுதிய கணக்கு இல்லை. திருமந்திரத்தில் திருமூலர் பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 மாத்திரை என்கிறார்; மாத்திரை என்பது ஒரு கண் இமைப்பு நேரம். அதை நான்கால் வகுத்தால் உங்கள் கணக்கு. விகிதம் அதேதான், 1-4-2. ஆனால் அது பயிற்சி போய்ச் சேர வேண்டிய இடம், புறப்படும் இடம் இல்லை. ஹட யோகத்தின் பழைய நூலான ஹட யோக பிரதீபிகை இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறது: சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவது போலக் காற்றை மெல்ல மெல்லப் பழக்க வேண்டும், அவசரப்பட்டால் பழக்குபவனையே அது கொல்லும் என்று.

ஏன் அது உங்களுக்கு இப்போது பொருந்தாது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொன்றிலும் சுமார் 500 மி.லி. காற்று போய் வருகிறது. அதில் ஏறக்குறைய 150 மி.லி. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் தங்கி, ரத்தத்தைத் தொடாமலே திரும்பிவிடும். எனவே நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் உண்மையில் பயன்படுவது 350 பெருக்கல் 12, அதாவது 4,200 மி.லி. உங்கள் கணக்கில் ஒரு மூச்சுக்கு 28 விநாடி; நிமிடத்துக்கு இரண்டு மூச்சுதான், கொஞ்சம் கூட. அதே 4,200 மி.லி.யை இரண்டே மூச்சில் ஈடுகட்ட வேண்டுமானால் ஒவ்வொரு மூச்சிலும் 2 லிட்டருக்கு மேல் இழுத்தாக வேண்டும், வழக்கத்தைப் போல நான்கு மடங்கு. அதையும் 4 விநாடிக்குள். அப்படி இழுக்க, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையான உதரவிதானம் மட்டும் போதாமல் விலா எலும்புத் தசைகளும் கழுத்துத் தசைகளும் துணைக்கு வருகின்றன. நெஞ்சு இறுகுவதாக நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி அந்தத் தசைகளின் களைப்பாக இருக்கலாம். அமைதிக்காக உட்கார்ந்துவிட்டு உடலைப் பொறுத்தவரை எடை தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் விழிப்புணர்வு நழுவுவதில் என்ன ஆச்சரியம்? மனத்துக்கு அப்போது ஒரே வேலைதான்: 16 எப்போது வரும்.

கும்பகத்தில் எழும் தவிப்பைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அது ஆக்சிஜன் தீர்ந்துபோனதன் அறிகுறி என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தத் தவிப்பை முதலில் எழுப்புவது ரத்தத்தில் கூடிவரும் கார்பன் டை ஆக்சைடுதான். பயிற்சியால் அந்தத் தாங்கும் அளவு கொஞ்சம் கூடும். பல்லைக் கடித்துத் தாண்டினால் கூடுவது பிடிவாதம்தான். எனவே முதல் மாற்றம் இது: கும்பகத்தை இப்போதைக்கு முழுவதும் நிறுத்துங்கள். 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள், ஒரு எண்ணுக்கு ஒரு விநாடி. 10 விநாடிக்கு ஒன்று, நிமிடத்துக்கு 6 மூச்சு. இதுவும் திணறலாக இருந்தால் 3-4 போதும். இரண்டு வாரம் கழித்து ஏறிக்கொள்ளலாம். விடுவது இழுப்பதைவிட நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது சற்றுத் தணியும். நாடியில் விரல் வைத்து மெல்ல மூச்சு விட்டுப் பார்த்தால் பலருக்கு இது விரலிலேயே தெரியும்.

மெதுவாக என்பதை ஆழமாக என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தப் பயிற்சியில் அதிகம் நடக்கும் தவறு. உங்கள் விரல் நுனியில் ஊரும் எறும்பும் பெரும்பாலும் இதனால்தான். நிமிடத்துக்கு 6 மூச்சு விடுபவருக்கு ஒரு மூச்சில் 850 மி.லி. இருந்தாலே தேவை தீர்ந்துவிடும். ஆனால் "ஆழ்ந்து இழுங்கள்" என்ற சொல்லை நம்பி ஒன்றரை லிட்டர் இழுத்தால் நிமிடத்துக்கு 9 லிட்டராகிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும் உடலுக்கு அது அதிகம். கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் வெளியேறி, ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை லேசாகிறது. நரம்புகள் எளிதில் தூண்டப்படுவதால் விரலும் உதடும் மதமதக்கின்றன. இதைச் "சக்தி ஏறுகிறது" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி எடுத்துக்கொண்டு மேலும் பலமாக இழுத்தால் விரல்கள் மடங்கி இறுகும் அளவுக்குக்கூடப் போகும். எறும்பு ஊரத் தொடங்கியதுமே கணக்கை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் சிறிய மூச்சுகளாக மூக்கால் விடுங்கள். சில நிமிடங்களில் தணிந்துவிடும். பயிற்சி செய்யாத நேரத்திலும் வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் மதமதத்தாலோ இந்த விளக்கம் பொருந்தாது. அதை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். நெஞ்சு இறுக்கத்துக்கும் அதேதான்: படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ வந்தால் பயிற்சியை ஓரம் வைத்துவிட்டு முதலில் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கவனித்தாலே மூச்சு கெட்டுப்போவது. உங்களுக்கு மட்டும் அல்ல, தொடங்கும் எல்லோருக்கும் நடப்பதுதான். மூச்சுக்கு இரண்டு எஜமானர்கள். மூளைத்தண்டில் இருக்கும் நரம்புக் கூட்டம் நாம் தூங்கும்போதும் தாளம் தவறாமல் அதை ஓட்டுகிறது. பேசவும் பாடவும் ஊதவும் வேண்டியபோது பெருமூளை வண்டியைக் கையில் எடுக்கிறது. மூச்சைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்ததும் பெருமூளை, பார்க்கச் சொன்னதை ஓட்டச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறது. இதைச் சண்டை போட்டு மாற்ற முடியாது. சில வழிகளில் ஏமாற்றலாம். முதலில், உட்காராமல் மல்லாந்து படுத்துப் பாருங்கள். முழங்கால் மடக்கி, பாதம் தரையில், ஒரு கை தொப்புளுக்குச் சற்று மேலே. மூச்சைப் பார்க்காதீர்கள், கை ஏறி இறங்குவதைப் பாருங்கள். அடுத்து, உள்மூச்சை முற்றிலும் மறந்துவிட்டு வெளிமூச்சை மட்டும் கவனியுங்கள். உள்மூச்சு வேலை செய்யும் பகுதி, தலையிடும் ஆசை அங்கேதான் அதிகம். சும்மா இருக்கும்போது வெளிமூச்சு தசை தளர்வதால் தானாக நடப்பது. தலையிட அங்கே வேலை குறைவு. இதற்குப் பிறகும் மூச்சு செயற்கையாகவே இருந்தால், "இப்போது நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று தெரிந்துகொண்டால் போதும். அதுவும் கவனிப்புதான். இயற்கையான மூச்சு வந்தால்தான் பயிற்சி என்று எந்த விதியும் இல்லை.

இரண்டையும் இணைக்கும் இடத்துக்கு வருகிறேன். வெளிமூச்சின் கடைசிக் கால் பகுதியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். 6 எண்ணில் முதல் மூன்றில் காற்று தாராளமாகப் போகும். நாசித் துவாரத்தின் உள் விளிம்பில் இளஞ்சூடு தெரியும். நான்காவதில் ஓட்டம் மெலியும், ஐந்தாவதில் அடிவயிறு மெல்ல உள்ளே போகும். ஆறாவது முடியும்போது சூடும் இல்லை, அசைவும் இல்லை. அங்கே ஒரு சின்ன இடைவெளி இருக்கும், அரை விநாடியோ ஒரு விநாடியோ. பிறகு நீங்கள் ஒன்றும் செய்யாமலே விளிம்பில் ஒரு குளிர்ச்சி படும்: அடுத்த மூச்சு புறப்பட்டுவிட்டது. கணக்கு சரியாக இருந்தால் அந்தக் குளிர்ச்சி அரும்புவது போல மெல்லத் தொடங்கும். கணக்கு பெரிதாகிவிட்டால் காற்று "சர்" என்று உள்ளே பாயும், தோள் ஒரு இம்மியாவது தூக்கும். சரியா தவறா என்று சொல்ல இதைவிட நம்பகமான கருவி கிடையாது. எண்ணிக்கை மூச்சுக்கு ஒரு வரப்பு மட்டுமே, தண்ணீர் எங்கே வழிகிறது என்று சொல்வது கவனிப்பு. எண்ணும்போது விழிப்புணர்வு நழுவுவது கவனம் எண்ணின் மேல் இருப்பதால். எண்ணுக்கு நடுவில் நடப்பதன் மேல் அது இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும்.

நடைமுறையில் ஒரு அமர்வை 15 நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். வயிறு காலியாக இருக்கட்டும், முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு 3 மணி நேரமாவது போகட்டும். சுகாசனமோ வஜ்ராசனமோ நாற்காலியோ, எதுவானாலும் இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு கூனி உதரவிதானத்துக்கு இறங்க இடம் இருக்காது. தரையில் உட்காருபவர்கள் மடித்த போர்வை ஒன்றைப் பின்பகுதிக்கு அடியில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். முதல் 3 நிமிடம் எதையும் மாற்றாமல் பார்ப்பது மட்டும்: எந்த நாசியில் ஓட்டம் அதிகம், வயிறு அசைகிறதா நெஞ்சு அசைகிறதா, இன்று மூச்சு நீளமா குட்டையா. இந்த 3 நிமிடத்தை யாரும் விரும்புவதில்லை, ஆனால் அன்றைய கணக்கை முடிவு செய்வதே இதுதான். தூக்கம் சரியில்லாத நாளில் 4-6 ஏறாது, 3-4-க்கு இறங்கிவிட வேண்டும். அடுத்த 3 நிமிடம் இரண்டு நாசியாலும் அன்றைய கணக்கில் மூச்சு. பிறகு நாடி சுத்தி 12 சுற்று; 4-6 கணக்கில் ஒரு சுற்று 20 விநாடி, ஆக 4 நிமிடம். மிச்சம் 5 நிமிடம் கையை இறக்கிவிட்டு, எண்ணை விட்டுவிட்டு, சும்மா பார்ப்பது. வீடியோக்களில் பெரும்பாலும் இந்தக் கடைசி 5 நிமிடத்தைத்தான் வெட்டிவிடுகிறார்கள். ஒழுங்குபடுத்திய மூச்சு தன்பாட்டில் விடப்பட்டபின் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கிடைக்கும் ஒரே நேரம் இது.

நாடி சுத்தியின் வரிசை உங்களுக்குத் தெரியும் என்றாலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதலில் இரு நாசியாலும் மூச்சை வெளியே விட்டுவிடுங்கள். வலக் கட்டைவிரலால் வல நாசியை மூடி, இடப்பக்கம் 4 இழுப்பு. மோதிர விரலால் இடப்பக்கம் மூடி, கட்டைவிரலை எடுத்து, வலப்பக்கம் 6 விடுப்பு. அதே வலப்பக்கம் 4 இழுத்து, மாற்றி, இடப்பக்கம் 6 விட்டால் ஒரு சுற்று. விரல் வைக்கும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூக்கெலும்பு முடிந்து மென்மையான சதை தொடங்கும் இடத்தில் விரல் படிய வேண்டும். அடைப்பதற்கு ஒரு இதழைத் தொடும் அழுத்தம் போதும். அழுத்திப் பிடித்தால் நடுத்தண்டு மறுபக்கம் தள்ளப்பட்டு, திறந்திருக்க வேண்டிய நாசியும் பாதி அடைபடும். பிறகு காற்றை உறிஞ்ச வேண்டியிருக்கும், சத்தம் வரும். ஏழெட்டுச் சுற்றில் கை கனத்து முழங்கை இறங்கும், அதோடு தலையும் வலப்பக்கம் சாயும். முழங்கையை நெஞ்சோடு சேர்த்து ஓய்வாக வைத்துக்கொள்ளலாம், அல்லது இடக் கையால் தாங்கிக்கொள்ளலாம்.

ஒரு நாசி அடைத்திருக்கிறதே என்று பதற வேண்டாம். மூக்கின் உட்புறச் சவ்வு மாறி மாறி வீங்கித் தணிவதால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் பக்கம் மாறுவது பெரும்பாலானவர்களுக்கு இயல்பு. நம்மவர்கள் எந்த நாசியில் மூச்சு ஓடுகிறது என்று பார்ப்பதைச் சரம் பார்ப்பது என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்த விஷயத்தை 1895-ல் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் மருத்துவ இதழில் பதிவு செய்தார். ஓட்டம் குறைந்த பக்கத்தில் காற்றை வலிந்து இழுக்க வேண்டாம். அந்தப் பக்கத்துக்கு எண்ணை ஒன்று கூட்டி மெதுவாக விடுங்கள். சளி பிடித்து முழுக்க அடைத்திருந்தால் அன்று நாடி சுத்தி வேண்டாம், அதே கணக்கை இரு நாசியாலும் செய்யலாம்.

இரண்டு வாரம் போனதும் எண்ணை எப்படிக் குறைப்பது என்று பாருங்கள். முதல் 5 சுற்று மனத்துக்குள் எண்ணுங்கள். ஆறாவது சுற்றில் எண்ணுக்குப் பதில் இடக்கை விரல்களால் தொடையில் மெல்லத் தட்டிக்கொள்ளுங்கள். ஒன்பதாவதில் அதையும் விட்டுவிடுங்கள். தாளம் உடலில் ஏறியிருந்தால் தானாக ஓடும். குலைந்தால் இரண்டு சுற்று எண்ணிவிட்டு மறுபடி விடுங்கள். மாத்திரை என்பது இலக்கணத்தில் கண் இமைக்கும், கை நொடிக்கும் நேரம்தான். கடிகாரம் இல்லாத காலத்து அளவு அது. உடலையே அளவுகோலாக வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். கைப்பேசியில் ஒவ்வொரு எண்ணுக்கும் மணி அடிக்கும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை உடலைக் கேட்க விடாமல் மணியைக் கேட்க வைக்கின்றன. 15 நிமிடம் முடிந்ததைச் சொல்ல ஒரு டைமர், அவ்வளவுதான் தேவை.

மனம் ஓடிப்போவதைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருந்தீர்கள். ஓடும். ஓடிவிட்டது என்று தெரிந்த கணத்தில் விட்ட மூச்சிலிருந்து தொடர வேண்டாம், அடுத்த வெளிமூச்சில் சேர்ந்துகொள்ளுங்கள். எத்தனையாவது சுற்று என்பது மறந்திருந்தால் மறந்ததுதான். 12 என்பது 11 ஆனாலும் 14 ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

கும்பகத்துக்கு எப்போது திரும்புவது? 4-6 கணக்கு 12 சுற்றும் வரப்பு உடையாமல், கடைசிச் சுற்றும் முதல் சுற்றைப் போலவே இருக்கும் நிலை ஒரு மாதம் நீடித்த பிறகு. அப்போதும் இழுத்து முடித்த இடத்தில் 2 எண்ணிலிருந்து தொடங்குங்கள், 4-2-6. இரண்டு வாரத்துக்கு ஒரு எண் கூட்டி 4-4-6 வரை போகலாம். தொண்டையை இறுக்கி மூடி அடக்குவது தவறு. விலா விரிந்தபடி இருக்க, காற்று போகவும் வரவும் இல்லாமல் நிற்க வேண்டும். "ம்" என்று சொல்லிப் பார்க்கும் அளவுக்குத் தொண்டை தளர்ந்திருந்தால் சரி. அதற்கு மேலான விகிதங்களும், நெடிய கும்பகத்தோடு சேரும் ஜாலந்தர பந்தம் (மோவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தித் தொண்டையைப் பூட்டுவது) முதலானவையும் எழுத்தில் கற்கக்கூடியவை அல்ல. தோளையும் முகத்தையும் எதிரில் இருந்து ஒருவர் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் என் பதிலுக்கு எல்லை வந்துவிடுகிறது.

எண் சுத்தமாகப் பிடிக்காதவர்களுக்கு ஒலி நல்ல துணை. உஜ்ஜாயியில் குரல்வளையைச் சற்றுக் குறுக்கி, கண்ணாடியில் ஆவி படிய ஊதும் அந்த "ஹா"வை வாய் மூடி மூக்கால் செய்கிறோம். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் அதிகம், உங்களுக்கு மட்டும் கேட்டால் சரி. பிராமரியில் வாய் மூடி, பற்கள் ஒட்டாமல், "ம்" என்று முரலுகிறோம். முரல் முடியும்வரை காற்றைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியிருப்பதால் வெளிமூச்சு தானே நீள்கிறது. 5 முதல் 7 முறை போதும். கபாலபாதியை இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். ஹட யோக பிரதீபிகையே அதை ஆறு சுத்திகரிப்புக் கிரியைகளில்தான் வைக்கிறது. அதில் விடும்போது மட்டும் வயிற்றால் உந்த வேண்டும், இழுப்பது தானாக நிகழ வேண்டும். இரண்டையும் வலிந்து செய்தால் மேலே சொன்ன மதமதப்பு நிச்சயம். அது முடிந்ததும் மூச்சே தேவைப்படாதது போலச் சில விநாடி வருமே, அதைப் பேரமைதி என்று கொண்டாடுபவர்கள் உண்டு. கார்பன் டை ஆக்சைடு இறங்கிவிட்டதால் மூளைத்தண்டு சற்று நேரம் மணி அடிக்காமல் இருக்கிறது, விஷயம் அவ்வளவுதான்.

எது உறுதி, எது சந்தேகம் என்றும் கேட்டிருந்தீர்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற அளவில் மூச்சோடு இதயத்துடிப்பு ஏறி இறங்கும் வீச்சு பெரிதாகிறது என்பதும், ரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது என்பதும் நன்றாக நிறுவப்பட்டவை. ஜெபமாலை ஜெபமும் ஒரு யோக மந்திரமும் சொல்பவர்களின் மூச்சைத் தானாகவே இந்த வேகத்துக்குக் கொண்டுவருகின்றன என்று 2001-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முரலும்போது மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு பல மடங்கு கூடுகிறது என்பதும் அளந்து கண்டதே. ஆனால் அதை வைத்து இன்ன நோய் தீரும் என்பது வேறு பேச்சு. பதற்றம் தணிவதற்கும் ரத்த அழுத்தம் ஓரளவு குறைவதற்கும் ஆதரவு உண்டு, மருந்து மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அல்ல. இட நாசி குளிர்ச்சி, வல நாசி சூடு என்ற இடகலை பிங்கலைக் கருத்துக்கு ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மரபின் மொழியாக அதை மதிக்கலாம், மருத்துவமாகச் சொல்ல மாட்டேன். "ஆக்சிஜன் அதிகம் கிடைக்கும்" என்பது தவறு. நலமாக இருப்பவரின் ரத்தம் சாதாரண மூச்சிலேயே 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்ற பழைய கணக்கு அழகானது, நிமிடத்துக்கு 15 என்று சரியாக வருகிறது. ஆனால் அதைச் சேமித்தால் ஆமையைப் போல ஆயுள் நீளும் என்பதற்கு அடிப்படை இல்லை.

யார் விலக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய், கர்ப்பம் இருந்தால் மூச்சை அடக்கும் எதுவும் வேண்டாம். கபாலபாதியும், துருத்தி போல வேகமாக மூச்சு விடும் பஸ்திரிகாவும் வேண்டாம். குடலிறக்கம், வலிப்பு, அண்மையில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை என்றாலும் அந்த இரண்டையும் விடுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் அடக்காத மெல்லிய மூச்சைச் செய்யலாம், இழுப்பு வந்த நேரத்தில் அல்ல, இன்ஹேலருக்கு மாற்றாகவும் அல்ல. வேகமாக மூச்சு விட்டபின் தண்ணீருக்குள் அடக்கிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து; தவிப்பு எழுவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். பீதி அடிக்கடி வருபவர்களுக்கு மூச்சையே உற்றுப் பார்ப்பது சில சமயம் பீதியைக் கூட்டும். அவர்கள் பாதம் தரையைத் தொடும் இடத்தையோ சுற்றிலும் கேட்கும் ஒலியையோ பிடித்துக்கொண்டு, மூச்சை ஓரக்கண்ணால் பார்த்தால் போதும். உங்கள் நெஞ்சு இறுக்கத்தோடு பயமும் சேர்ந்து வருகிறது என்றால் நீங்களும் அப்படியே தொடங்குங்கள்.

காலையா மாலையா என்ற கேள்விக்கு நான் பெரிதாக எடை கொடுக்க மாட்டேன். ஒரே நேரத்தில் தினமும் என்பதற்குக் கொடுப்பேன். இரண்டு வாரம் 4-6 கணக்கில் செய்துவிட்டு, வெளிமூச்சு முடிந்ததும் அடுத்த மூச்சு அரும்புகிறதா பாய்கிறதா, எத்தனையாவது சுற்றில் தோள் தூக்குகிறது, மதமதப்பு நின்றதா என்ற மூன்றை மட்டும் குறித்துவந்து எழுதுங்கள். எண்ணைக் கூட்டுவதா குறைப்பதா என்று அதை வைத்துச் சொல்ல முடியும்.